யொந்தோனுக்குக் கேட்காத கீச்சல்

உலான்பாத்தரின் உதிரிபாகச் சந்தையில் யொந்தோனின் கடை ஒரு பழைய சரக்குக் கன்டெய்னர். உள்ளே ஒரு நிலக்கரி அடுப்பு, இரண்டு ஸ்டூல், ஆள் உயரத்துக்கு ஒயர். கார் ரேடியோ மாட்டுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறார். ஜப்பானில் ஓடிக் களைத்த வண்டிகள்தாம் இந்த ஊருக்கு வரும், அவற்றின் ரேடியோவுக்கோ இந்த ஊர் ஸ்டேஷன்களில் பாதி எட்டாது. அதற்காக ஆன்டெனா ஒயரில் அலைவரிசையை இறக்கிக் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டியைச் சேர்ப்பார்கள். அப்புறம் நூற்றிரண்டில் பாடுகிற ஸ்டேஷன் திரையில் எண்பத்து நான்கு என்று காட்டும். ஊரே அந்தப் பொய்க் கணக்குக்குப் பழகிப்போய்விட்டது.

ஐம்பத்தெட்டு வயதில் யொந்தோனுக்கு முதுகு போயிற்று, முட்டி போயிற்று. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற பிழைப்பில் இதெல்லாம் போகாமலிருந்தால்தான் அதிசயம். அது அவருக்குக் கவலையே இல்லை. ஆனால் இரண்டு வருடமாகக் காதும் போய்க்கொண்டிருந்தது. பேச்சு கேட்கும், பாட்டு கேட்கும். மெல்லிய கீச்சுச் சத்தம் மட்டும் காதில் ஏறாது. மனைவி தாரீமாவிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. காது கேட்காதவன் கையில் எவன் செட்டைக் கொடுப்பான்? விஷயம் வாடிக்கை வண்டிகள் நிற்கும் வேன் ஸ்டாண்டுக்குப் போனால் கடையை இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தப் பயத்தைச் சுமந்து சுமந்தே மனுஷன் பாதி ஓய்ந்துபோனார்.

அந்தக் குளிர்காலத்தில் தாரீமா மகளின் பிரசவத்துக்காக எர்தெனெத் போயிருந்தாள். அந்த வாரம் பார்த்துத்தான் செவெல்மா வந்தாள். அர்வைஹேருக்கு ஆளேற்றிப் போகும் வேன் அவளுடையது, பதினெட்டு வருடத்துப் பழசு. அதோடு வந்த செட்டு செத்துவிட்டதென்று, விபத்தில் நொறுங்கிய, அதே ரகத்துப் புது மாடல் வேன் ஒன்றிலிருந்து கழற்றிய கம்பெனி செட்டை வாங்கி வந்திருந்தாள். பிளக் பொருந்தவில்லை. யொந்தோன் பழைய பிளக்கை வெட்டி, ஒயரை ஒவ்வொன்றாகச் சோதித்து முறுக்கி, செட்டைப் பிடித்து நிறுத்தும் கவ்வியை மாற்றி, மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டார். செவெல்மாவுக்கு அவசரம். ஸ்டாண்டில் ஆட்கள் காத்திருந்தார்கள். கிளம்பிப் போய்விட்டாள்.

நான்காம் நாள் திரும்பி வந்தாள். எஞ்சின் ஓடினாலே செட்டு கீச்சிடுகிறதாம், வேகம் ஏற ஏறக் கீச்சலும் ஏறுகிறதாம். வண்டிக்குள் கொசு இருக்கிறதா என்று ஆட்கள் கேலி செய்கிறார்களாம், மைனஸ் இருபத்தைந்தில் கொசு! யொந்தோன் ஏறி உட்கார்ந்து கேட்டார். பாட்டுதான் கேட்டது. செட்டு ஜோராக இருக்கிறது, கோளாறு உன் தலையில்தான் என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடியும் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. பாட்டு இல்லாவிட்டால் அந்தச் சாலையில் கண் சொக்கிவிடும், பாட்டைப் போட்டால் தலை வெடிக்கிறது. இந்த முறை செட்டை அணைத்துவிட்டுத்தான் ஓட்டி வந்தாளாம். வழியில் ஒரு தரம் வண்டி சாலையை விட்டு இறங்கிப் பனியில் புதைந்ததாம், பதினோரு பேரை வைத்துக்கொண்டு.

அதைக் கேட்டதும் யொந்தோன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, எனக்கு அந்தச் சத்தம் கேக்கல. ரெண்டு வருஷமாவே கேக்கல," என்றார். "நீ உள்ள உக்காந்து எஞ்சினப் போடு. கீச்சுன்னா விரலத் தூக்கு. நின்னா இறக்கு."

அவள் ஏறி எஞ்சினைப் போட்டாள். அவர் அடியில் மல்லாந்து கிடந்தபடி ஒவ்வோர் ஒயராக நகர்த்தினார், அவள் விரல் நட்டமாகவே நின்றது. அரைமணி நேரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. பழைய செட்டுகளின் இரும்புக் கவ்வியே வண்டியின் உடம்போடு ஒட்டி எர்த் கொடுத்துவிடும், அதற்கென்று அவர் தனி ஒயர் இழுத்ததே இல்லை. புது செட்டின் கவ்வியோ பிளாஸ்டிக், எர்த் இல்லாமல்தான் எஞ்சின் சத்தம் பாட்டில் ஏறுகிறது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் கையைக் கட்டிப்போட்டுவிட்டது. துருவைச் சுரண்டி, வெறும் இரும்பில் ஓர் ஒயரை இறுக்கினார். விரல் இறங்கியது.

வெளியே வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமலே ஸ்டாண்டில் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டார். கேட்கும்போதே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

செவெல்மா கையுறையை மாட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, ஸ்டாண்டுல தெரியாதவன் யாரு இருக்கான்? தாரீமா அக்கா வந்து உக்காந்து ஒரு பாட்டு கேட்டுட்டுச் சரின்னாத்தான் நாங்க வண்டிய எடுக்கறது. அக்காதான் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கு. அன்னிக்கு அக்கா இல்லன்னு தெரிஞ்சும் அவசரத்துல எனக்குத்தான் பொறுக்கல."

வண்டி போன பிறகு யொந்தோன் வாசலிலேயே நின்றார். வெட்கமாகவும் இருந்தது, இரண்டு வருட பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது. இதில் எது அதிகம் என்று அவருக்கே தெரியவில்லை. குளிரில் விறைத்த விரலால் எர்தெனெத்துக்கு போன் போட்டார். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு சொன்னார்:

"சீக்கிரம் வா, தாரீமா. நாளைக்கு மூணு வண்டி வருது. கேட்டுச் சொல்ல ஆளில்ல."