மடுல்சீமையிலிருந்து நகர்ந்த அம்புக்குறி

மகள் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை செய்கிறாள். போன வாரம் அவளுடைய மடிக்கணினியைக் கடந்து போகையில், யாரும் தொடாத திரையில் ஒரு பெயர் தானாக அழிந்தது. நான் சுவரோரம் குனிந்து தொலைபேசி வயரைத் தேடினேன். அந்த வீட்டில் அப்படி ஒரு வயரே கிடையாது.

"என்னப்பா தேடுறீங்க? கொழும்பு ஆபீசுல இருக்கிற பிள்ளைதான் அழிக்குது" என்றாள்.

சிரித்து வைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பதுளையில் ஒரு சிறிய அலுவலகத்தில் இருந்தேன். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அடையாள அட்டை எடுத்துக்கொடுப்பது வேலை. அறையில் எப்போதும் ஈரக் கம்பளி வாசனையும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் இருக்கும். விண்ணப்பித்தவர்களின் பட்டியல் முழுக்க ஒரே கணினியில். மடுல்சீமைக் கிளையிலிருந்து பெயர் கொண்டுவர பஸ்ஸில் ஒரு நாள் போய்விடும் என்பதால், தொலைபேசி வழியாக அங்கிருந்தே எங்கள் கணினியை இயக்க வழி செய்தோம். அங்கே விசையைத் தட்டினால் இங்கே எழுத்து விழும். ஏற்பாடு என்னுடையது, அந்தப் பெருமையில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

கிளையில் இருந்தவர் பாக்கியம் அக்கா. முன்பு தோட்டத்து ஆபீசில் பேர்ப்பதிவு எழுதியவர். தோட்டத்தில் இல்லாதவரின் பெயரை மாதக் கடைசியில் வெட்டிவிடுவது அங்கே வழக்கம்.

அப்படியொரு மாதக் கடைசியில், பூனாகலையிலிருந்து வந்த ஓர் அம்மா என் எதிரில் உட்கார்ந்திருந்தார். கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற அவர் மகன் மகேந்திரனை, அட்டை இல்லையென்று போலீசில் பிடித்து வைத்திருந்தார்கள். விண்ணப்ப எண்ணோடு கடிதம் காட்டினால் விடுவார்களாம்.

"மத்தியான பஸ்ஸ விட்டா நாளைக்குத்தாங்க போகலாம். அதுக்குள்ள புள்ளைய வேற எங்கயும் கொண்டு போயிட்டா?"

திரையைப் பார்த்தேன். அம்புக்குறி தானாக நகர்ந்தது. பெரகல கந்தையா போனார். அடுத்து பூனாகலை காமாட்சி. மடுல்சீமை காளியம்மாவைத் தொடாமல் தாண்டி, பூனாகலை குப்புசாமி. அக்கா, தன் தோட்டப் பக்கத்தில் இல்லாதவர்களை ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டிருந்தார். அங்கே தெரிவது தன் கிளையின் பட்டியல் மட்டும் என்று நினைத்திருக்கிறார்.

தொலைபேசியில் சொல்ல முடியாது. கிளையில் இருந்த ஒரே இணைப்பில்தான் அவர் கணினி பேசிக்கொண்டிருந்தது. வயரைப் பிடுங்கினால் பட்டியல் முழுவதும் கெட்டுப்போகலாம். பெயர் எழுதும் இடத்தில், "அக்கா வெட்டாதீங்க" என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். அம்புக்குறி வந்து நின்றது. அதையும் அழித்தது.

"பேர யாரு படிச்சா தம்பி, தோட்டத்தைத்தானே பாத்தேன்" என்று அக்கா பிறகொரு நாள் சொன்னார்.

"ஐயா, அவன் பேரு இருக்குங்களா?" என்றார் எதிரில் இருந்த அம்மா.

"இருக்கும்மா."

பூனாகலை பெருமாள் போனார். அடுத்த வரி மகேந்திரன். வயரைப் பிடுங்கினேன். திரை உறைந்தது. திரும்பப் போட்டபோது பட்டியல் திறக்கவில்லை. முந்தின வெள்ளிக்கிழமை பிரதி எடுத்த பிளாப்பியை அவசரத்தில் தலைகீழாகச் செருகப் பார்த்தேன். அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளாப்பி கரகரத்து நின்றது, பட்டியல் திறந்தது. மகேந்திரன் இருந்தான். கடிதத்தின் மை காயுமுன் அவர் படியிறங்கிவிட்டார். மூன்றாம் நாள் அவனை விட்டார்கள்.

வெள்ளிக்குப் பிறகு ஏற்றிய பெயர்கள் பிளாப்பியில் இல்லை. படிவம் தீர்ந்துபோய், வாயால் கேட்டு நேராகக் கணினியில் தட்டியவை அவை; காகிதத்தில் எங்கும் இல்லை. நானும் அக்காவும் தொழிலாளர் வீட்டு வரிசைகளில், லயம் லயமாக ஏறி இறங்கி விசாரித்தோம். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் கிடைத்தார்கள்.

அந்த அலுவலகம் இன்று இல்லை. கிளை இருந்த கட்டடமும் இல்லை. கிடைக்காத அந்த ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. பிறந்த தேதி கேட்டபோது, "மண்ணு சரிஞ்ச வருசங்க" என்றார். இவ்வளவும் நினைவிருக்கிறது; பெயர் மட்டும் இல்லை. அட்டை வந்ததும் சொல்லி அனுப்புகிறேன், அதுவரை அலைய வேண்டாம் என்று அவரிடம் சொன்னவன் நான்தான்.