பெயர் எழுதாத உறைகள்

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பேரின்பநாயகத்துக்கு ஒரு கிறுக்கு உண்டு. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவ் உறையின் மேல் ஆளின் பெயரையும் தேதியையும் எழுதி வைப்பார்கள். இவர் எதுவும் எழுதமாட்டார். அரசாங்க ஆபீசில் ஃபைல் அடுக்கும் கிளார்க்காக இருந்து, பெயர்களை நம்பி ஏமாந்து போனவர். "மரியஅந்தோணி எண்டு கேட்டால் நாலு பேர் வருவினம். தேதி ஒருத்தருக்கும் ஞாபகம் இராது. படத்தில என்ன இருக்கு எண்டது மட்டும் எல்லாருக்கும் தெரியும்" என்பார்.

ஆகவே அவர் கடையில் படத்தில் இருப்பதுதான் படத்தின் விலாசம். எத்தனை பேர், நிற்கிறார்களா உட்கார்ந்திருக்கிறார்களா, கையில் என்ன, பின்னால் எந்தத் திரை என்று இழுப்பறைகளைப் பிரித்திருந்தார். சொன்ன மாத்திரத்தில் எடுத்து நீட்டுவார். ஒரே படம் இரண்டு இருந்தால் ஒன்றைக் கத்தரித்துக் குப்பையில் போடுவார். ஒரே முகத்துக்கு ரெண்டு வீடு என்னத்துக்கு என்பது அவர் கட்சி. பக்கத்துக் கடை சேக் தாவூது, "அப்ப உங்க சம்சாரத்த எந்த டிராயர்ல வச்சிருக்கீங்க?" என்று வாயைக் கிளறுவார். பேரின்பநாயகம் சிரிக்கமாட்டார். அந்த ஒழுங்கில் அவருக்கு அத்தனை பெருமை.

அந்தப் பெருமை எழுபத்தொன்பது ஜனவரியில் மண்ணாய்ப் போனது.

அந்தோனியம்மாள் மகன் ஜோனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். ஜோனோடு இரட்டையாய்ப் பிறந்த இயேசுதாசனை டிசம்பர் வெள்ளம் கால்வாயோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. வீட்டில் இருந்த படங்களும் சேற்றில் ஊறிக் கூழாகிவிட்டன.

"முப்பதாம் நாள் பூசைக்கு முன்ன கல்லறையில அவன் முகத்தப் பதிக்கணும் ஐயா. ஸ்கூல் குரூப் படத்துல மூஞ்சி மொளகு சைஸ்தான் இருக்கு. உங்ககிட்டதான் இருக்கு. புதுநன்மைக்கு ரெண்டு பேரையும் தனித்தனியா எடுத்தீங்களே."

"படத்தில என்ன இருக்கு, சொல்லுங்கோ."

"ஒங்க கடை வெள்ளக் கோட்டு. கையில மெழுகுவத்தி. பின்னால மாடிப்படி."

அவர் நேராகப் போய் உறையை எடுத்தார். உள்ளே ஒரே ஒரு நெகட்டிவ்.

அவர் உறையை உதறிப் பார்த்தார். கடையில் பிள்ளைகளுக்கென்று இருந்தது ஒரே வெள்ளைக் கோட்டு. பிள்ளைகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை ஞாயிறன்று கூட்டம் நெரிந்தது. இரண்டு பையன்களும் அதே கோட்டைத்தான் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பிற்பாடு அடுக்கும்போது, ஒரே பையன் கண் சிமிட்டியதால் இரண்டு தடவை எடுத்தது என்று நினைத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்து, அச்சு அசலாய்ப் பொருந்தியதும் ஒன்றைத் தானே கத்தரித்துப் போட்டது இப்போது ஞாபகம் வந்தது.

"நாளைக்கு வாங்கோ" என்றார்.

அவர்கள் போனதும் எல்லா இழுப்பறைகளையும் தரையில் கொட்டினார். கல்யாணம், கைக்குழந்தை, பாஸ்போர்ட்டு என்று எல்லாம் கலந்து போயின. சேக் தாவூது எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இல்லாததைத் தேடினால் எங்கே கிடைக்கும்? இருந்த ஒன்றைக் கடைசியில் பெரிதாக அச்சுப் போட்டார். இது செத்தவன் படமாக இருக்கவேண்டும் என்று நல்லூர்க் கந்தனிலிருந்து அந்தப் பிள்ளை கும்பிட்ட மாதா வரைக்கும் கெஞ்சினார்.

மறுநாள் ஜோனோடு வந்த அந்தோனியம்மாள் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இடது புருவத்தில் விரலை வைத்துத் தேடினாள். ஜோனுக்கு அங்கே கருத்த தழும்பு ஒன்று உண்டு.

"தழும்பு இல்ல! ஐயா, தழும்பு இல்ல! இது என் தாசன்தான்!" படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

பேரின்பநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உறையில் போடுவதற்காக நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்தார். இடது புருவத்துக்கு மேல் பென்சில் பூச்சு மினுங்கியது. கரும்புள்ளி, தழும்பு எதுவானாலும் நெகட்டிவில் பென்சிலால் தடவி மறைப்பது ஸ்டூடியோக்காரர் வழக்கம். தாசன் முகத்தில் மறைக்க ஒன்றும் இருந்ததில்லை. குப்பைக்குப் போனதுதான் தாசன்.

வாயைத் திறந்தார். அந்தோனியம்மாள் படத்தின் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

ஜோன் மட்டும் பின்தங்கினான். நெகட்டிவை அண்ணாந்து பார்த்தான்.

"அங்கிள், அன்னிக்கு என் தழும்ப பென்சில் வச்சு அழிச்சிடுறேன்னு சொன்னீங்கல்ல?"

"ஓம்" என்றார் அவர்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க லா. இன்னிக்குத்தான் சோறு சாப்பிட்டாங்க."

பையன் ஓடிப்போய்த் தாயின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் முகம் கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தது. பேரின்பநாயகம் தரையில் கிடந்த குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்துப் பேனாவை எடுத்தார். அந்தக் கடையில் முதன்முதலாக ஓர் உறையின் மேல் பெயர் எழுதினார். இயேசுதாசன் என்று எழுதி, ஜோனை உள்ளே வைத்து மூடினார்.