வேதமாணிக்கம் துடைக்காத சந்தனம்

மரியாதைக்காரர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் வேதமாணிக்கம்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் விமானச் சக்கரங்களைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அவர். பாறசாலைப் பக்கத்துக்காரர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். யாராவது காலை மிதித்தாலும் மிதித்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். நான் டீச்சர் இல்லை, மாணவி என்று அவரிடம் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். "சரி டீச்சரே" என்பார்.

1977 தொடக்கம். நான் எம்.ஏ. சைக்காலஜி கடைசி வருஷம். விமானத்தைப் பழுதுபார்ப்பவர்கள் எப்படித் தவறு செய்கிறார்கள் என்பதை ஆய்வுக்கு எடுத்திருந்தேன். வெளிநாட்டில் இதற்குத் தனிப் படிப்பே இருந்தது. தவறு செய்தவனைத் திட்டிப் பயனில்லை, அவன் கையில் இருக்கும் கருவியையும் அவனைச் சுற்றியுள்ள பழக்கத்தையும் கவனி என்பதுதான் அதன் சாரம். இந்தச் சின்ன விஷயம் என் கைடு திரவியம் சாரின் காதில் ஏறவே இல்லை.

"ஜெயலக்ஷ்மி, பேசாம காலேஜ் குட்டிகளுக்க பரீட்சை பயத்தப் பத்திப் பண்ணு. ஏரோப்ளேன் எல்லாம் இஞ்சினியரிங் கேஸாக்கும்" என்றார். இஞ்சினியரிங் பேராசிரியரிடம் போனேன். மனசு விஷயம் எங்களுக்கு எதற்கு என்று கேட்டார். ஸ்ரீவராகம் வீட்டில் அம்மா வேறு, "கண்ட ஆம்பளைகள்ட்ட போய் என்ன தப்பு பண்ணினேள்னு கேக்கறதுக்கா எம்.ஏ. படிக்கற?" என்று தினமும் ஆரம்பித்துவிடுவாள். கடைசியில் திரவியம் சார் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். நிஜமாக நடந்த ஒரு தவறாவது ஆய்வில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதில் கையெழுத்துப் போட மாட்டார்.

விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹாங்கரில் நாற்பது பேருக்குப் படிவம் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம், செய்த தவறு ஒன்றை மட்டும் எழுதுங்கள் என்று கெஞ்சினேன். நாற்பதும் திரும்பி வந்தன. நாற்பதிலும் 'இல்லை'. அதிலும் பாதி ஒரே கையெழுத்து! தவறே செய்யாத நாற்பது பேரைக் கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டியதுதான்.

அழுகை முட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது வேதமாணிக்கம் பின்னாலேயே வந்தார். மனசு கேட்கவில்லையாம். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

போன ஆயுத பூஜைக்கு மறுநாள் நடந்தது அது. ஹாங்கரில் பூஜையை நடத்துபவர் அழகியநம்பி என்ற மூத்த மெக்கானிக். ஸ்பானர் தொடங்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பார். டயரில் காற்று எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கும் கேஜுக்கும் உண்டு, அதுவும் கண்ணாடியின் நட்டநடுவில். காய்ந்த சந்தனம் எண்களை மறைத்துவிட்டது. பூஜைச் சந்தனத்தை அங்கே யாரும் துடைப்பதில்லை, தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

"நான் வேதக்காரன் இல்லியா டீச்சரே. நான் போய்த் தொடச்சா அவங்களுக்கு மனசு விஷமமாவும்லா" என்றார். அதனால் முள்ளின் சாய்வைப் பார்த்து உத்தேசமாகக் காற்றடித்திருக்கிறார். பிறகு பயம் வந்து, பூஜைக்கு வைக்காமல் பெட்டியில் கிடந்த வேறு கேஜை அழகியநம்பியிடம் வாங்கிப் பார்த்தால் இரண்டு டயரில் காற்று ரொம்பக் குறைவு. விமானம் கிளம்புவதற்குள் சரிசெய்துவிட்டார்.

"துடைச்சுத் தொலைச்சிருக்கலாமே!" என்று நடுரோட்டில் கத்தினேன்.

"அது மரியாதையில்லல்லா. இது யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா என் ஜோலி போவும்."

நான் தேடியது இதுதான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத தவறு, நம் ஊரில் மட்டுமே நடக்கக்கூடியது. ஆனால் எழுத முடியாது. சக்கரப் பிரிவில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், அவர் ஒருவர்தான். சந்தனத்தை எழுதினால் பெயரை எழுத வேண்டிய தேவையே இல்லை. சந்தனத்தைச் சேறு என்று மாற்றினால், அதை ஏன் துடைக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. நான்கு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். தவறு கிடைத்திருக்கிறது, எழுத முடியவில்லை என்று திரவியம் சாரிடம் சொன்னேன். எழுதாதது கிடைக்காததற்குச் சமம் என்றார். ஆய்வைக் கைவிட்டேன். தோழிகள் பட்டம் வாங்கிப் போனார்கள். நான் ஒரு வருஷத்தைத் தொலைத்து, பரீட்சை பயத்தைப் பற்றி ஆராயத் தொடங்கினேன்.

அந்த அக்டோபரில் பூஜையன்று ஹாங்கருக்குப் போனேன். பட்டம்தான் போயிற்று, அந்தக் கண்ணாடியாவது தப்பிக்கட்டும் என்று.

"சந்தனத்தை இதுக்குப் பின்பக்கம் வெச்சா என்ன?" என்று கேஜைக் காட்டி அழகியநம்பியிடம் கேட்டேன்.

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "வேதமாணிக்கம் காரியமாக்கும், இல்லியா? எங்க எல்லாருக்கும் தெரியும் டீச்சர். கேஜ் வாங்க வந்தவன் மொகத்தப் பாத்தாலே தெரியாதா?"

"தெரிஞ்சுமா நாப்பது பேரும் இல்லைன்னு எழுதினேள்?"

"எழுதினா அவன் மாட்டுவான்லா. நாலு பிள்ளைங்க அவனுக்கு."

"அவர்ட்ட துடைக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, எங்களுக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்லா. பாவம், சங்கடப்படுவான்."

"நீங்களாவது இடத்தை மாத்தி வெச்சிருக்கலாமே?"

"மாத்தினா ஏன்னு யோசிப்பான்." பிறகு ரொம்பச் சாதுவாகக் கேட்டார். "ஆமா, டீச்சர் எழுதினீங்களா?"

நான் சந்தனக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"பின்ன?" என்று சொல்லிவிட்டு, கேஜைத் திருப்பிப் பின்பக்கத்தில் சந்தனத்தை வைத்தார். நாற்பது பேருக்கும் தெரிந்ததை மறைக்க நான் ஒரு வருஷத்தைக் கொடுத்திருக்கிறேன். அவர்களைத் திட்டவும் எனக்கு வழியில்லை.

பூஜை முடிந்ததும் வேதமாணிக்கம் வந்தார். பளிச்சென்றிருந்த கண்ணாடியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கத்தில் வந்து நின்று மெல்லக் கேட்டார்.

"டீச்சரே, யாருக்கும் தெரியாதில்லியா?"

அழகியநம்பி தேங்காய் மூடியைக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் தெரியாது" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.