ஏகமனதாக மூடப்பட்ட பின் கேட்

பால் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூட்டத்தில் நாற்காலி பறந்திருக்கும், இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். என் தீர்மான நோட்டில் மட்டும் எல்லாம் ‘ஏகமனதாக’ நிறைவேறியிருக்கும். தணிக்கைக்கு வருகிறவர்கள் அதைப் படித்தால் தருமபுரி மாவட்டத்திலேயே சண்டை சச்சரவில்லாத சங்கம் எங்களுடையதுதான் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

எங்கள் தெரு பல்கலைக்கழக வளாகத்தின் முதுகுப்பக்கம் இருக்கிறது. பஸ் நிறுத்தமோ வளாகத்தின் முன்பக்கம். நடுவில் ஒரு பின் கேட். ஒரு கதவு எப்போதோ காணாமல் போய்விட்டது, இன்னொன்று துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டது. அதன் வழியாக உள்ளே புகுந்து முன்வாசலில் வெளியே வந்துதான் நாங்கள் பஸ் ஏறுவோம். இந்த வளாகத்தை விரிவாக்கப் போகிறார்கள், விடுதி கட்டப் போகிறார்கள், சுற்றியிருக்கும் சாலைகளையும் சீராக்கப் போகிறார்கள், அதற்கு முன் அக்கம்பக்கத்து மக்களின் கருத்தைக் கேட்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னிடம் யாராவது கருத்துக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! வீட்டில் சாம்பாரா ரசமா என்றுகூடக் கேட்பதில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். முகப்பில் வளைவு, வளைவில் மாம்பழக் குலை போலச் சிற்பம், பெரியவர்கள் உட்கார வட்டத் திண்டு, நடுவில் நீரூற்று. எங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வாரத்தில் ஒருநாள் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற முதல் ஆள் நான்தான். ஆனாலும் நீரூற்று கேட்டேன். என் மனைவி பக்கம் பக்கமாக இருந்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்களக் கருத்துதான கேட்டாங்க? கதாகாலட்சேபமா பண்ணச் சொன்னாங்க?” என்றாள்.

சனிக்கிழமை காலை வளாகத்து உணவுக்கூடத்தில் கூட்டம். பொறியாளர் இளவயசுக்காரர், மரியாதையானவர். வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டுவிட்டு, கூட்ட நடவடிக்கையை யாராவது எழுத முடியுமா என்று கேட்டார். தெருவே என்னைக் கை காட்டியது. நானும் வெட்கப்படுவதுபோல நடித்துவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கூட்டம் என்றால் முதலில் கையெழுத்து, பிறகுதான் பேச்சு. பாதிப் பேர் மாடு கறக்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும் என்று நழுவிவிடுவார்கள். அதனால் வாசலிலேயே நோட்டை நீட்டி வெறும் பக்கத்தின் அடியில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். மேலே எழுதவேண்டியதைச் செயலாளர் பிறகு எழுதிக்கொள்வார். என் வேலைக்காலம் முழுக்க அப்படித்தான் ஓடியது, ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

அன்று கடைசியாக வந்தது எங்கள் தெருவில் களி விற்கிற அம்மா. ராகிக் களியும் கீரைக் கடைசலும் கூடையில் எடுத்துக்கொண்டு தினமும் அந்தப் பின் கேட்டில்தான் உட்காருவார். “அண்ணா, ஒரே ஒரு வார்த்த கேக்கணுங்க. அந்தப் பின் கேட்டு...” என்று ஆரம்பித்தார். “மொதல்ல கையெழுத்துப் போடும்மா, எல்லாத்தையும் உள்ளார பேசிக்கலாம்” என்றேன். போட்டார்.

பேச எழுந்தேன். எழுந்தேன் என்று மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. உட்கார்ந்தது எப்போது என்று மற்றவர்களைத்தான் கேட்க வேண்டும். நடுவில் களிக்கார அம்மா இரண்டு தடவை கையைத் தூக்கினார். “கடைசியா கேட்டுக்கலாம்மா” என்று கையமர்த்திவிட்டு நீரூற்றுக்குத் திரும்பினேன். சுவரில் தொங்கிய வரைபடத்தில் சுற்றுச்சுவர் ஒரே கோடாக ஓடியது. பின் கேட் இருக்க வேண்டிய இடத்திலும் சுவர்தான். அதை நான் பார்க்கவே இல்லை. நீரூற்றுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். என் பேச்சு வளைவு, திண்டு எல்லாம் முடிந்து மரம் நடுவதற்கு வந்தபோது போண்டா வந்துவிட்டது, கூட்டம் கலைந்துவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மா எப்போது போனார் என்றுகூடத் தெரியாது.

எல்லோரும் போனபின் உட்கார்ந்து எழுதினேன். என் யோசனைகளுக்கு ஒன்றரைப் பக்கம். கடைசி வரிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, கை தானாகவே எழுதியது: ‘சுற்றுச்சுவர் உள்ளிட்ட வரைபடம் ஆட்சேபணை ஏதுமின்றிப் பொதுமக்களால் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.’ ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

சில மாதம் கழித்துச் சுற்றுச்சுவருக்குக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்தார்கள். அன்று காலையே அந்த அம்மா என் வீட்டு வாசலில் நின்றார்.

“என்னாங்கண்ணா இது? கேட்ட அடைக்கறாங்களாம்! கேட்டா, உங்க ஊரே ஒத்துக்கிச்சுன்னு சொல்றாங்க. எந்த ஊருங்க ஒத்துக்கிச்சு? நான் எந்த ஊருல இருக்கறேன்?”

திருதிருவென்று விழித்தேன். உள்ளேயிருந்து என் மனைவி, “எதிர நிக்கிற ஆளத் தெரியாது, எங்கியோ பீச்சியடிக்கிற தண்ணி தெரியுமா?” என்றாள். மானம் போனது.

இரண்டு பேரும் பொறியாளரிடம் போனோம். அவர் கோப்பை எடுத்து என் நோட்டின் நகலைக் காட்டினார். “இத வெச்சுத்தான் சார் மேல அனுப்புனோம். இவ்ளோ தெளிவா யாரும் எழுதிக் குடுத்ததில்ல” என்றார், பாவம், நிஜமாகவே பாராட்டாக. பிறகு விரலால் கீழே காட்டினார். “இந்தம்மா கையெழுத்துகூட இருக்கே.”

அந்த அம்மா தன் கையெழுத்தைப் பார்த்தார். அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். என் எழுத்தை நானே உரக்கப் படிக்க அவ்வளவு கூச்சப்பட்டது அதுதான் முதல் தடவை.

கடைக்கால் இன்னும் கேட் பக்கம் வரவில்லை, ஒரு மனு எழுதிக் கொடுத்தால் மறுநாள் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார் பொறியாளர். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். “பெருமதிப்பிற்குரிய ஐயா, பல்லாண்டு காலமாக...”

“அண்ணா, நிறுத்துங்க. என் வாயில வர்றத மட்டும் எழுதுங்க. உங்க வாயில வர்றது வேணாங்க.”

அவர் சொன்னதை எழுதினேன்: “நான் தெனம் களி கிண்டிக் கொண்டாறேங்க. மாரண்டஹள்ளிப் பஸ்ஸுல வர்ற புள்ளைங்களும் வத்தல்மலையில இருந்து எறங்கி வர்ற புள்ளைங்களும் காத்தால சாப்புடாம வருதுங்க. அந்தக் கேட்டுக்கு வந்துதான் வாங்கித் தின்னுதுங்க. கேட்ட அடைச்சா நான் ரோட்டச் சுத்திக்கிட்டு முன்வாசலுக்கு வரணும், அதுக்குள்ள பெல்லு அடிச்சிரும். எனக்குப் பொழப்பு போயிரும், அதுங்க பட்டினி கெடக்கும்.” அவ்வளவுதான். ‘தாழ்மையுடன்’ என்று ஒரு சொல் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். மேலே முழுவதும் எழுதி, இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பொறியாளர் சொன்னபடியே டேப்பும் சுண்ணாம்புப் பொடியும் எடுத்துக்கொண்டு வந்தார். பெண் பிள்ளைகள் நாலைந்து பேர் களியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவதை நின்று பார்த்தார். பிறகு, “எவ்ளோ அகலம் வேணும்மா?” என்று கேட்டார்.

“கூடையோட ரெண்டு பேரு எதிரெதிர வந்தா இடிக்கக் கூடாதுங்க. அவ்ளோதான்.”

அவர் சிரித்தார். “இது ஒரு பெரிய விஷயமே இல்லியே. அன்னைக்குக் கூட்டத்துலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா?”

அந்த அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கரண்டியைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“சொல்லத்தாங்க வந்தாங்க,” என்றேன். “நாந்தான் பேசிக்கிட்டு இருந்தேன்.”

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“போதும் விடுங்கண்ணா,” என்றார் அந்த அம்மா. “கொஞ்சம் அந்தாண்ட நவுந்து நில்லுங்க. அவரு அளக்கட்டும்.”