முகத்துவாரத்துக் கெளுத்தி

அவள் முதலில் உடைத்தது போத்தல்களை. அடுத்தது என் உதட்டை.

களனி கங்கை கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஆற்றின் அடிச்சேறு எடுக்கப் படகோட்டி ஒருவரோடு போயிருந்தேன். வெள்ளவத்தையில் வீடு, தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெய், பூச்சிமருந்து, டீசல் கரி என்று ஆற்றில் இறங்கும் நஞ்சு தண்ணீரில் லேசில் கரையாது, அடியில் போய்ச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கிலும் ஒட்டும் என்பதால் கண்ணாடிப் போத்தலும் இரும்புக் கரண்டியும்தான் பாவிப்போம். அதுவும் சேற்றில் கலந்துவிடும் என்பதால் கையில் நுளம்பு மருந்துகூடப் பூசக் கூடாது. நுளம்பு கடித்துக் கடித்து, கரைக்கு வரும்போதே எனக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது.

கரையோரம் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடொன்றிலிருந்து அவள் இறங்கி வந்தாள். மீன்பிடிகாரனின் மனைவி, என்னைவிட இளையவள்.

“யாரக் கேட்டு அள்ளுறீங்க மிஸ்? போன தரமும் இப்பிடித்தான் போத்தலோட வந்தாங்க. பொறகு ஆத்துல நஞ்சுன்னு டிவியில போட்டாங்க. பேலியகொடச் சந்தையில எங்கட மீன ஒருத்தனும் தொடல்ல.”

“நாங்கள் மீன் பாக்கிறேல்லை. சேறு மட்டும்தான்,” என்றேன்.

எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் பதில் அது. சேறு வேறு, மீன் வேறு என்று நாங்களே பிரித்து வைத்திருந்தோம். அவள் நம்பவில்லை. போத்தல் பெட்டியைப் பறித்துக் கல்லில் அடித்தாள். ஒரு காலைப்பொழுது வேலை கண் முன்னால் சிதறியது. நான் அவள் மயிரைப் பிடித்து இழுத்தேன். அவள் முழங்கையால் என் வாயில் குத்தினாள். இரத்தத்தை விழுங்கியபடி மறுபடியும் அவள் மேல் பாய்ந்தேன். அவளைக் கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது.

அவள் புருஷன் துடுப்போடு ஓடிவந்தான். அடி எங்கள் படகோட்டியின் தோளில் விழுந்தது. அவர் கண்ணாடித் துண்டுகளின் மேல் விழ, உள்ளங்கை பிளந்தது. அந்தக் கையாலேயே சிந்திய சேற்றை வழித்து ஒரு பிளாஸ்டிக் ஷொப்பிங் பைக்குள் போட்டார் மனுஷன். “அதுக்குள்ள போடாதேங்கோ அண்ணா, பழுதாப்போகும்,” என்று நான் கத்தினேன். இரத்தம் ஒழுகும் ஆளைப் பார்த்து எனக்குச் சொல்ல வந்தது அதுதான்.

என் தோள்பைக்குள் இருந்த ஒரு போத்தல் மட்டும் தப்பியது. ஆய்வுகூடத்தில் அதைச் சோதித்துப் பார்த்தோம். அந்தச் சேற்றில் இருக்கக் கூடாததெல்லாம் இருந்தது. ஆய்வுக்குக் காசு கட்டியவர்களுக்குத்தான் முடிவு சொந்தம், வெளியே வாய் திறக்காதே என்றார் மேலாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முகத்துவாரத்துக்கு பஸ் ஏறினேன்.

அவள் வீட்டு அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சின்ன மகள் தட்டோடு பக்கத்தில் குந்தியிருந்தாள்.

“என்னா, இன்னும் அடி வேணுமா?” என்றாள் அவள்.

நான் வாசலில் நின்றபடியே சொன்னேன். “சேத்தில நஞ்சு இருக்கு. சேத்தில மேயிற மீனின்ர கொழுப்பில அது ஏறும். கெளுத்தி மாதிரி மீனைச் சாப்பிடாதேங்கோ. பிள்ளைக்குக் குடுக்கவே வேண்டாம்.”

“கெளுத்திய யாரு வாங்குறா? நல்ல மீனெல்லாம் பேலியகொடைக்குப் போயிரும். விலைபோகாதது தான் எங்களுக்கு. இவ பால் மறந்ததுல இருந்து கெளுத்தி தான்…”

சந்தைக்குப் போகும் மீனுக்காகத்தான் அவள் அன்று என்னோடு அடிபட்டாள். நஞ்சு போனது தன் மகளின் தட்டுக்கு என்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

துணிகூடப் பிடிக்காமல் வெறுங்கையால் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். குழம்பு என் காலில் தெறித்துச் சுட்டது. பிறகு தன் வயிற்றில் மாறி மாறிக் குத்திக்கொண்டாள். தடுக்கப் போன என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். பிள்ளை பசியில் வீரிட்டு அழுதது.

அவள் பிள்ளையின் தட்டைப் பிடுங்கி என் கையில் திணித்தாள். அவளுடைய உள்ளங்கை இரண்டும் வெந்து சிவந்திருந்தன.

“சொல்லிட்டீங்க தானே மிஸ். இப்ப இவளுக்கு நீங்க சாப்பாடு போடுங்க.”

தட்டில் வெறும் சோறுதான் இருந்தது.