தாவீதின் வலது கால்

புதுவாயல் கூட்டு ரோட்டில் தாவீதின் கொட்டகைக்கு வண்டி கொண்டுவருகிறவர்களுக்கு அவருடைய வழக்கம் தெரியும். பிரேக்கில் குறை என்று யார் சொன்னாலும் அவர் பானெட்டைத் திறக்க மாட்டார். செருப்பைத்தான் முதலில் கழற்றுவார். வெறுங்காலால் பெடலை மிதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். "காத்து பூந்துக்கீது" என்பார். இல்லையென்றால், "பின் சக்கரத்துல ஆயில் ஒழுகுது, கயட்டு" என்பார். சொன்னால் சொன்னதுதான். அவருடைய அப்பா ஊரார் வயலில் சேறு மிதித்தே தேய்ந்துபோனார். மகன் பெடல் மிதித்துக் கொட்டகை போட்டார், ஒரே மகள் கிறிஸ்டினாவைக் கட்டிக்கொடுத்தார்.

அந்தக் காலுக்குக் கொஞ்ச நாளாக ஏதோ ஆகிவிட்டது. சர்க்கரை வியாதி வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. மாத்திரையை ஒரு நாள் போட்டால் மறுநாள் மறந்துவிடுவார். ஒரு தடவை டீக்கடைக்குப் போகும்போது வலது செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது. மனுஷன் ஒற்றைச் செருப்போடு போய் டீயும் குடித்துவிட்டு வந்தார். பூக்காரி கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்த பிறகுதான் குனிந்து பார்த்தார். செருப்பு லூசு என்று சொல்லிப் புதுச் செருப்பு வாங்கினார். அதுவும் கழன்றது. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை, மனைவி ஞானம்மாவிடம்கூட.

மருமகன் எட்வர்ட், கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறான். கிறிஸ்டினாவுக்கும் அங்கேதான் வேலை, புருஷன் வேனில்தான் பயணம். போன வாரம் எட்வர்ட் வந்தான்.

"மாமா, பெடலு மெத்துன்னு கீது. ரெண்டு வாட்டி மிதிச்சாத்தான் புடிக்குது."

தாவீது செருப்பைக் கழற்றினார், மிதித்தார், கண்ணை மூடினார். ஒன்றும் தெரியவில்லை. பஞ்சா கல்லா, எதுவுமே மேலே ஏறி வரவில்லை. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லையே! இத்தனை வருஷமாக எடுத்த பேர் என்ன ஆவது?

"நல்லாத்தான் கீது மாப்ள. போங்க" என்றார்.

மறுநாள் காலை ஹைவேயில் முன்னால் போன டிரெய்லர் நின்றபோது வேன் நிற்கவில்லை. எட்வர்ட் பக்கத்து மண்ணில் இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து ஒருவழியாக நிறுத்தினான். யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. கிறிஸ்டினாவுக்கு மட்டும் முன்சீட்டுக் கம்பி இடித்து நெற்றியில் இரண்டு தையல்.

எட்வர்ட் முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்து வேனைக் கொட்டகையில் விட்டான். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது தாவீதுக்கு.

பிரேக் ஆயில் அளவு சரியாக இருந்தது. நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார், எங்கேயும் கசிவில்லை. எட்வர்டைப் பெடலில் உட்காரவைத்து, தான் கீழே படுத்து, ஒவ்வொரு சக்கரமாக நிப்பிளைத் திறந்து காற்று எடுத்தார். டியூபில் சுத்தமான ஆயில்தான் வந்தது, ஒரு குமிழி இல்லை. வெளியே ஒழுகவில்லை, உள்ளே காற்றும் இல்லை. பிறகு ஏன் மெத்தென்று போகிறது?

"எறங்குங்க மாப்ள, நானே பாக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்து மிதித்துப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்றைக்காவது ஏதாவது சொல்லேன் என்று காலைக் கெஞ்சாத குறை.

எட்வர்ட் கதவோரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, பெடலு மெதுவா உள்ள போய்க்கினே கீது."

தாவீது கண்ணைத் திறக்கவில்லை.

"மாமா! அது தரைய தொட்டு எவ்ளோ நேரம் ஆவுது. இன்னும் இன்னாத்துக்கு அழுத்திக்கினு கீறீங்க?"

அப்போதுதான் அவன் அதைப் பார்த்தான். பெடல் ரப்பர் மேல் ரத்தம்.

"கால எடுங்க மாமா."

உள்ளங்காலில் ஒரு தகரத் துண்டு பாதிக்கு மேல் ஏறியிருந்தது. சக்கரம் கழற்றும்போது செருப்பு கழன்றதே தெரியாமல் ஏறியிருக்க வேண்டும். தாவீது அதை யாருடைய காலிலோ ஏறியதைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வலிக்கலியா மாமா?"

"இல்ல" என்றார். பிறகு, "எப்பவோலந்து இல்ல மாப்ள. ஊட்ல சொல்லிக்கினு இருக்காதீங்க" என்றார்.

எட்வர்ட் தகரத்தைப் பிடுங்கித் துணி கட்டிவிட்டான்.

கோளாறு தெரிந்துவிட்டது. மிதித்துப் பிடித்தால் பெடல் தானாக இறங்குகிறது, வெளியே சொட்டில்லை என்றால் பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்துவிட்டது. புதுசு வரவழைத்துப் பொருத்தினார். கைக்கு இன்னும் எல்லாம் தெரிந்தது. திரும்பக் காற்று எடுத்து முடித்ததும் எட்வர்டை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, பெடலையே உற்றுப் பார்த்தார். இறங்கவில்லை.

"எப்டிக்கீது?"

"கல்லு மாரி கீது மாமா."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

திரும்பவும் கேட்டார். எட்வர்ட் திரும்பவும் அதையே சொன்னான். கல் என்றால் எந்தக் கல்? தன் கால் சொல்லும் கல்லா, இவன் கால் சொல்லும் கல்லா? பொறுக்க முடியாமல் தானும் ஏறிக் கட்டுப்போட்ட காலால் மிதித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

கிறிஸ்டினா மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலையில் வேன் கூட்டு ரோட்டில் நின்றது. நெற்றியில் பிளாஸ்திரி. மற்ற பெண்கள் ஏறிவிட்டார்கள். அவள் மட்டும் படியில் கால் வைக்காமல் அப்பாவைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அப்பாவின் கால்தான் சாட்சி.

"நைனா, நீ மிதிச்சுப் பாத்தியா?"

தாவீது வலது காலை இடது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். எட்வர்ட் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தான்.

"மிதிச்சேம்மா" என்றார்.

அது போதும் அவளுக்கு. சிரித்துக்கொண்டே ஏறிக் கதவைச் சாத்தினாள். வேன் ஹைவேயில் ஏறி இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே போனது. அது கண்ணிலிருந்து மறைகிறவரைக்கும் தாவீது ரோட்டோரத்தில் நின்றார், வலது காலைத் தரையில் அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டு.