பக்கெட் தண்ணீரில் வளையம்

ஞாயிறு காலை, மாரிகுப்பம் வீட்டு வாசலில் நானும் மகனும் கார் கழுவிக்கொண்டிருந்தோம். "சக்கரத்துக்கு வேற பக்கெட்டும்மா. அந்த மண்ணு பட்டா பெயிண்ட்டு கீறிடும்" என்றான். அப்போது காலடியில் லேசாக ஓர் அதிர்வு. பக்கெட் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழுந்தது.

சிறுவயதில், எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடித்தால் குழாயடிக் குடங்களில் தண்ணீர் இப்படித்தான் நடுங்கும். பெண்கள் குழாயை மூடிவிட்டு, விபத்துச் சங்கு ஊதுமோ என்று, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கமே பார்த்து நிற்பார்கள். ஒருமுறை அந்த வளையங்களைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "சும்மா இருடி, உங்கப்பா கீழ இருக்காரு."

அன்று சங்கு ஊதியது. அப்பா வந்துவிட்டார். பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் புருஷன் வரவில்லை. அக்கா விட்டுவிட்டு ஓடிய பக்கெட் மூன்று நாள் குழாயடியிலேயே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"இன்னாம்மா, தண்ணிய ஏன் நிறுத்திட்ட?" என்றான் மகன்.

குழாயை மூடியிருந்தது என் கைதான். சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகிறது, கீழே யாருமில்லை. ஆனால் தெருவில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த மற்ற வீட்டுக் குழாய்களின் சத்தமும் கேட்கவில்லை.